கேட்ட விலைக்கு வாங்காத ஜெபமணி அக்கா

காலை ஜெபத்தை முடித்து அடுப்பில் பாலை வைத்திருந்தேன். போனில் ஜெபமணி அக்காவின் மகள் பியூலா.

"சித்தி, அம்மாவ எழுப்புதேன், எந்திரிக்க மாட்டேங்காங்க. கையெல்லாம் சில்லுன்னு இருக்கு. சீக்கிரம் வாங்க."

அடுத்த தெருதான். அடுப்பை அணைக்கவும் தோன்றாமல் ஓடினேன். ஜெபமணி அக்கா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி, ஒரு கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். டாக்டர் வந்து பார்த்து, தூக்கத்திலேயே இருதயம் நின்றிருக்க வேண்டும் என்றார். அவர் சொன்னது காதில் விழுந்தது. புத்தியில் ஏறவில்லை. முந்தின நாள் சாயங்காலம்தான் நாங்கள் இரண்டு பேரும் திருவேங்கடத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தோம். "நாளைக்கு பத்து மணி பஸ்சு. சமையல முடிச்சிட்டு வா. பாதியில போட்டுட்டு வந்து வழி பூரா பொலம்பாத" என்று சொல்லிவிட்டுத் தெருமுனையில் திரும்பிப் போனவர் அவர். ஒரு தலைவலி, ஒரு மூச்சுத்திணறல் என்று எதுவும் சொல்லவில்லை. இதை எழுத உட்கார்ந்திருக்கும் இன்றும் எனக்கு அது பிடிபடவில்லை.

நம் சபையில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. குருத்தோலை ஞாயிறு ஊர்வலத்தில் பெரிய டிரம்மை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தவர். போர்டிங் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் பேண்ட் குழுவில் பழகிய கை அது. கணவர் இறந்தபிறகு வீட்டு முன்னறையில் டிரம்களை வைத்து, பள்ளி விளையாட்டு விழாவுக்கும் கொடியேற்றத்துக்கும் ஊர்வலங்களுக்கும் வாடகைக்குக் கொடுத்துவந்தார். அவ்வளவுதான் உங்களில் பலருக்குத் தெரியும்.

அவருக்கு இன்னொரு தொழிலும் இருந்தது. பழைய டிரம்களை வாங்கிச் சரிசெய்து விற்பார். ஒரு காலத்தில் நம் பக்கத்து மெல்லிசைக் குழுக்களும் சில பள்ளிக்கூடங்களும் வெளிநாட்டில் செய்த டிரம்களை வைத்திருந்தன. அடித்தவர்கள் போய்விட்டார்கள். டிரம் பரணில் கிடக்கிறது. இப்போது அந்த மாதிரிப் பழைய டிரம்களைத் தேடி நல்ல விலை கொடுத்து வாங்குகிறவர்கள் மதுரையிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செய்தி எட்டுவதில்லை. பித்தளையாக இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவார்கள். கட்டையாக இருந்தால் கோழி அடைப்பார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கணக்கு நானாகப் பழகிக்கொண்டது. வீட்டுச் செலவை ஒரு கொத்தமல்லிக் கட்டு விடாமல் எழுதுவேன். அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் அக்கா வந்து, "ஏட்டி ரூத்து, எனக்குத் தாளம் எண்ண வரும், ரூவா எண்ண வராது. டிரம் வாங்குற பணத்த நீ வச்சுக்க. நான் வாங்கப் போற எடத்துக்கெல்லாம் நீயும் வந்துரு" என்றார். அப்படித்தான் போக ஆரம்பித்தேன்.

முதல் தடவையே அக்காவோடு சண்டை போட்டேன். இளையரசனேந்தல் பக்கம் ஒரு சின்ன வேதக் கோயிலின் பின்னறையில் ஒரு பழைய சைடு டிரம் கிடந்தது. உபதேசியார், "ஐநூறு ரூவா குடுங்கம்மா, போதும். எலிதான் குடியிருக்கு" என்றார். அக்கா அதைத் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, கேட்ட வெலைக்கு நான் வாங்க மாட்டேன்" என்றார். குறைக்கச் சொல்கிறார் என்று நினைத்து உபதேசியார், "சரி, நானூறு" என்றார். அக்கா சிரித்துவிட்டு, அது எந்த நாட்டில் செய்தது, மதுரையில் என்ன விலைக்குப் போகும், எதையெல்லாம் மாற்ற வேண்டும், தனக்கு எவ்வளவு எடுத்துக்கொள்வார் என்று சொல்லி, கடைசியில் ஒன்பதாயிரம் என்றார். மறுநாள் பணத்தை எண்ணி வைத்தபோது உபதேசியார் என்னைப் பார்த்து, "ஏம்மா, சரியாத்தான் எண்ணுனியளா?" என்று கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம்தான்.

பஸ்ஸில் ஏறியதும் நான் விடவில்லை.

"அவரு ஐநூறுதானக்கா கேட்டாரு?"

"அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்லா."

"தெரிஞ்சுக்க எத்தன வருசம் பாடுபட்டிய. அதுக்குக் கூலி வேண்டாமா?"

"அந்தக் கூலிய எடுத்தாச்சு. பிரிச்சு, தொடச்சு, தோலு மாத்தி, மதுரைக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு எடுத்தாச்சு. அவரு தெரியாம இருக்கதுக்கு எனக்கு எதுக்குட்டி கூலி?"

"பூ மார்க்கெட்டுல அஞ்சு ரூவாய்க்கு அந்தச் சண்ட போடுதிய. இங்கன வந்து அள்ளி எறையிதிய."

"பூக்காரிக்குப் பூவோட வெல என்னையவிட நல்லாத் தெரியும். தெரிஞ்சவட்ட பேரம் பேசலாம், அதுல ஒரு ருசி இருக்கு. தெரியாதவருட்ட பேசுனா அதுக்குப் பேரு பேரமா?"

எனக்கு அன்றைக்கு மனசு ஆறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அவருடைய வழக்கத்தில் இன்னொன்று உண்டு. முதல் நாள் விலையைச் சொல்வதோடு சரி. அன்றைக்கே பணம் கொடுத்துப் பொருளைத் தூக்கிவர மாட்டார். "ஒரு ராத்திரி உங்கட்டயே இருக்கட்டும். நான் சொன்னத யாருட்ட வேணும்னாலும் கேளுங்க" என்று சொல்லிவிட்டு மறுநாள்தான் போவார். இரண்டு பஸ் செலவு வீண் என்பேன். "அவங்களுக்கும் யோசிக்க நேரம் வேணும்லா. நமக்கு மட்டும் வருசக் கணக்கா நேரம் கெடச்சிருக்கு" என்பார். இந்த ஒரு ராத்திரியில் சில டிரம்கள் கைவிட்டுப் போனதும் உண்டு. இவ்வளவு தருகிறார்கள் என்றால் இன்னும் பெறும் என்று சிலர் இறுக்கிக்கொள்வார்கள். அக்கா, "அவங்க பொருள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

சிவகிரியில் ஒரு வீடு. டிரம் அடித்தவர் கட்டிலோடு கிடந்தார். அவர் மனைவிதான் பேசினார். அக்கா சொன்ன விலை நியாயமான விலை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த மனிதரைப் பார்த்ததும் பொறுக்காமல், "இன்னும் ரெண்டாயிரம் கூட்டிச் சொல்லுங்கக்கா" என்று காதோடு சொன்னேன். அக்கா அசையவில்லை. வெளியே வந்தபிறகுதான் பேசினார்.

"இன்னைக்கு எரக்கப்பட்டு வெலயக் கூட்டுனா, நாளைக்கு ஆசப்பட்டுக் கொறச்சாலும் அவங்களுக்குத் தெரியாது. வெலய ஒரு கையில குடு, ஒதவிய இன்னொரு கையில குடு. ரெண்டையும் ஒண்ணாக் கலந்துராத."

அடுத்த வாரமே அரிசியும் மருந்துச் செலவுக்குப் பணமும் கொண்டு போய்க் கொடுத்தார். அது அவருடைய சொந்தப் பணம். டிரம் கணக்கில் எழுதக் கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

இனி அந்தக் கடைசி நாள். திருவேங்கடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். கோமதி என்ற பெண். அவள் கணவர் மெல்லிசைக் குழுவில் டிரம் அடித்தவர், காலமாகிவிட்டார். கோமதி காட்டுவேலைக்குப் போகிறாள். மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அந்த வாரத்துக்குள் இருபத்தைந்தாயிரம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விடும். வீட்டில் விற்க இருந்தது ஒரு பித்தளை டிரம். பழைய இரும்புக்காரர் எடை போட்டு இரண்டாயிரம் சொல்லியிருந்தார்.

அக்கா டிரம்மின் மேல்தோலைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தோல் உட்காரும் விளிம்பைச் சுற்றி ஒரு விரலை ஓட்டினார். எங்கே போனாலும் அப்படித்தான் செய்வார். பிறகு கோமதியை உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினார். மதுரையில் ஒருவர் இதற்கு நாற்பத்திரண்டாயிரம் தருவார். தோலுக்கும் கம்பிக்கும் நாலாயிரம் ஆகும். தான் எடுத்துக்கொள்வது ஆறாயிரம். கோமதிக்கு முப்பத்திரண்டாயிரம்.

"எக்கா, வெளையாடாதிய" என்றாள் கோமதி.

அவளுடைய கொழுந்தன் கருப்பசாமி மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றார். "ரெண்டாயிரம் பெறாத சாமானுக்கு முப்பத்திரண்டா? அப்படி உள்ள என்னம்மா இருக்கு?"

"காத்துதான் இருக்கு" என்றார் அக்கா. "ஒரு ராத்திரி வச்சிருங்க. வெளிய விசாரிங்க. நாளைக்கு வாரோம்."

திரும்பும்போது நான் அந்த ஆளைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டேன். "அவரு கேக்கது சரிதான்" என்றார் அக்கா. "அந்தப் பிள்ளைக்காகக் கேக்க ஒரு ஆளு இருக்கது நல்லதுதான."

அந்த நாளைக்குத்தான் அக்கா இல்லை.

அடக்கத்துக்கு முன், வீடு நிறைய ஆட்கள் உட்கார்ந்து ஞானப்பாட்டு பாடிக்கொண்டிருந்தபோது, அலமாரியில் இருந்த அக்காவின் போன் அடித்தது. எல்லாரும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பியூலா எடுத்தாள், ஒன்றும் புரியாமல் என்னிடம் நீட்டினாள். கோமதியின் குரல். "எக்கா, வருவியளா மாட்டியளா? பழைய இரும்புக்காரரு வாசல்ல வந்து நிக்காரு."

"அக்கா தவறிட்டாங்கம்மா. ராத்திரி தூக்கத்துலயே" என்றேன்.

போனைக் கருப்பசாமி வாங்கிப் பேசினார். "யாருட்ட கத வுடுதிய? நேத்து சாயங்காலம் பஸ் ஏறுனவங்க இன்னைக்குச் செத்துட்டாங்களா? வெலயக் கொறைக்கதுக்கு இப்படி ஒரு வழியா?"

போன் கையில் இருந்தபடியே இருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, யாரோ கதறினார்கள். அது அவர் காதிலும் விழுந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, "எம்மா... மன்னிச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அன்று அடக்கம் முடிந்தது. மறுநாள் காலையில் பியூலாவிடம் போனேன். பணம் என்னிடம் இருக்கிறது, ஆனால் அது இனி உன் பணம், என்ன செய்ய என்று கேட்டேன். அழுது அழுது அவள் குரல் கம்மியிருந்தது. "அம்மா சொன்ன வெல சொன்னதுதான் சித்தி. போயிட்டு வாங்க. ஆனா அம்மா எப்படி வாங்குவாங்களோ அப்படி வாங்குங்க" என்றாள். என் வீட்டுக்காரர், "ஒனக்கு டிரம்முல என்ன தெரியும்னு போற?" என்றார். அவர் சொன்னது உண்மைதான். வழி முழுக்க ஜெபித்துக்கொண்டே போனேன்.

கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கருப்பசாமி தலை நிமிரவில்லை. டிரம்மைக் கொண்டுவந்து வைத்தார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினேன். பாதி சுற்றில் விரல் தடுக்கி நின்றது. பார்த்தால், நகம் அளவுக்கு ஒரு பள்ளம். புதுப் பித்தளை மின்னியது. முந்தாநாள் அக்காவின் விரல் இதே விளிம்பில் வழுக்கிக்கொண்டு போனதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

"இது என்னது?"

"தம்பி, நீங்களே சொல்லுங்க" என்றாள் கோமதி.

கருப்பசாமி மெதுவாகச் சொன்னார். "அரத்த வச்சு ராவிப் பாத்தேன். நீங்க போன கையோட. இரிடியமோன்னு நெனச்சேன்."

நம் பக்கத்தில் இந்தக் கதை கேட்காதவர்கள் உண்டா? பழைய பாத்திரத்தில் இரிடியம் இருக்கும், அரிசியைப் பக்கத்தில் வைத்தால் இழுக்கும், கோடிக்கு விற்கும் என்று சொல்லி எத்தனையோ பேர் ஏமாற்றப்பட்டிருக்கிறார்கள். பழைய பித்தளைக்கு ஒரு அந்நியப் பெண் அள்ளிக் கொடுக்கிறாள் என்றதும் அவருக்கு அதுதான் நினைப்பில் வந்திருக்கிறது. ராவிய பொடியை நகை செய்யும் ஆசாரியிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்.

"அரிசி இழுத்துச்சா?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் அப்படி என் வாயில் எப்படி வந்ததோ.

"இல்லக்கா. அப்படியே கெடந்துச்சு." அவர் அந்தப் பள்ளத்தைக் கையால் தடவினார். "எங்க அண்ணன் பொருளு. எவளோ வந்து ஏமாத்திக் கொண்டுபோயிரக் கூடாதேன்னுதான்..."

அக்கா விலை சொன்னது முழு டிரம்முக்கு. இது வேறு டிரம். கேட்க ஆள் இல்லை. மதுரைக்காரருக்குப் போன் போட்டு, பள்ளத்தை மறைக்காமல் சொல்லி, படமும் அனுப்பினேன். அவர் முப்பத்தாறு என்றார். விளிம்பைக் கடைந்து சரிசெய்ய மூவாயிரம் ஆகும் என்றும் சொன்னார். கோமதி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள்தான் பணம் கட்டக் கடைசி நாள். அவள் மகள் கதவுக்குப் பின்னால் நின்றாள், அவளுடைய கால்விரல்கள் மட்டும் தெரிந்தன.

இருபத்தைந்து என்ற சொல் என் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியாது. கோமதி என்னைக் கும்பிட்டிருப்பாள். ஆனால் பணம் பியூலாவுடையது, விலை அக்காவுடையது. கண்ணை மூடி ஒரு நிமிஷம் கர்த்தரைக் கேட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். விற்றால் முப்பத்தாறு. தோலுக்கும் கம்பிக்கும் நாலு. விளிம்புக்கு மூணு. அக்கா எடுப்பது ஆறு, அது இனி அவர் மகளுக்கு. உனக்கு இருபத்து மூணாயிரம்.

கோமதி தலையைக் குனிந்துகொண்டாள். மீதி இரண்டாயிரத்துக்கு என் கையில் என்ன இருக்கிறது என்று நான் யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

"ராவுனது நான்தான்" என்றார் கருப்பசாமி. "அந்த ரெண்டாயிரத்த நான் போடுதேன் மதினி." பிறகு என் பக்கம் திரும்பினார். "வெல மாறிட்டு. அப்ப திரும்ப ஒரு ராத்திரி வைக்கணும்லா? அந்தக்கா அப்படித்தான சொன்னாங்க."

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். வைத்தால் பிள்ளையின் படிப்பு போய்விடும். வைக்காமல் தூக்கிக்கொண்டு வந்தால் அது அக்கா வாங்கியது ஆகாது. நான் இருபத்து மூணாயிரத்தையும் எண்ணிக் கோமதி கையில் கொடுத்துவிட்டு, டிரம்மை அங்கேயே விட்டேன். "விசாரிங்க. கூட யாராவது தந்தா அவங்களுக்கே குடுங்க. இந்தப் பணத்தத் திருப்பித் தந்தாப் போதும்" என்றேன்.

பஸ் நகர்ந்த பிறகுதான் நான் செய்தது எனக்கே உறைத்தது. இன்னொருவர் பணத்தை, ஒரு சீட்டுக்கூட எழுதி வாங்காமல், பொருளையும் எடுக்காமல் கொடுத்துவிட்டு வருகிறேன். கணக்கு எழுதுகிறவள் செய்கிற காரியமா இது? வீட்டுக்காரரிடம் சொல்லவே பயந்தேன். சொன்னபோது அவர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

மறுநாள் அக்கா வீட்டில் ஆறுதல் ஜெபக்கூட்டம். பாய் விரித்துக்கொண்டிருந்தோம். வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்சீட்டில் பழைய வேட்டியில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிய டிரம். கருப்பசாமி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அக்காவின் படத்துக்கு முன்னால் அதை இறக்கி வைத்தார். "காலையிலேயே பணம் கட்டியாச்சு. பிள்ளைக்கு எடம் உறுதியாயிட்டு" என்றார். பியூலா டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

டீயைக் குடித்துக்கொண்டே கேட்டார். "பஸ்சு, தூக்குகூலி எல்லாம் போக இதுல என்னம்மா நிக்கும் ஒங்களுக்கு?"

நிற்கப்போகும் தொகையைச் சொன்னேன். ஒளிக்க ஒன்றுமில்லை.

"இவ்வளவுதானா? இதுக்கா அந்தக்கா அலைஞ்சாங்க?"

"இவ்வளவுதான்" என்றாள் பியூலா.

அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். ஜெபக்கூட்டம் முடிகிற வரைக்கும் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு நம் பாட்டு ஒன்றும் தெரியாது.

அம்மாவின் பொருளில் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பியூலா என்னிடம் சொன்னாள். ஒன்றும் எடுக்கவில்லை. இத்தனை வருஷமாக நான் கணக்கு எழுதியிருக்கிறேன். வீட்டுக்காரருக்குக் காட்ட, சபைக்குக் காட்ட, கர்த்தருக்கு முன்னால் நிற்க என்று எழுதியிருக்கிறேன். விற்ற மனிதர் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு கேட்கும்போது, தலை குனியாமல் சொல்லக்கூடிய கணக்கு என்று ஒன்று இருப்பதை நான் ஜெபமணி அக்காவிடம்தான் கண்டேன். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.